கேம்பர் வேனைத் தின்னும் துரு

உள்ளேயே சமைத்துத் தூங்க வசதியுள்ள பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனை விலைக்குப் பார்க்கப் போகிறவர்கள், விவரம் தெரிந்தவர்களாக இருந்தால், முதலில் இன்ஜினைப் பார்ப்பதில்லை. கதவுக்கு அடியில் குனிகிறார்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே வண்டியின் அடியோரமாக ஒரு நீளப் பட்டை ஓடும். சில் என்று சொல்வார்கள். அதில் பெயின்ட் பட்டாணி அளவுக்குக் கொப்பளித்திருந்தால் ஸ்குரூ டிரைவர் முனையால் லேசாக அழுத்திப் பார்ப்பார்கள். பல வண்டிகளில் பொருக்கு உடைந்து, முனை அப்படியே உள்ளே இறங்கிவிடும். வெளியே தெரிந்தது பட்டாணி. உள்ளே கையகலத்துக்குத் தகடே இருக்காது.

அந்தத் துரு உள்ளே பிறந்து, தகட்டைத் தின்று முடித்த பிறகுதான் வெளியே தலைகாட்டுகிறது. கேம்பர் வேனுக்கு டிங்கர் வேலை பார்ப்பது பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஓட்டையை அடைப்பது எளிது. தண்ணீர் எங்கே வந்து தங்கியது, ஏன் தங்கியது என்று கண்டுபிடிக்காமல் அடைத்தால் புதுத் தகடும் பழையது போன வழியிலேயே போகும்.

இந்த வண்டிகளுக்கு வயது அதிகம். டைப் 2 என்று பெயரிடப்பட்ட இந்த வேன் 1950 மார்ச்சில் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் ஆலையில் தயாராகத் தொடங்கியது. 1956இல் தயாரிப்பு ஹானோவருக்கு மாறியது. முகப்பில் ஒரே பெரிய வளைந்த கண்ணாடியோடு 1967இல் வந்த இரண்டாம் தலைமுறை ஜெர்மனியில் 1979 வரை தயாரானது. அதன் வாரிசு பிரேசிலில் 2013 வரைகூட வந்துகொண்டிருந்தது. வெஸ்ட்ஃபாலியா போன்ற நிறுவனங்கள் இவற்றுக்குள் படுக்கையும் அடுப்பும் அலமாரியும் பொருத்தி விற்றன. அப்படிப்பட்ட வண்டிகள் பிரிட்டனில் இன்றும் நிறைய ஓடுகின்றன. குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பைக் கொட்டும் ஊர் அது. துருவைப் பற்றிப் படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இரும்பு துருப்பிடிப்பதற்கு ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அது பாதி விஷயம்தான். மீதிப் பாதியை 1920-களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை வைத்துக் காட்டினார். பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் அந்தச் சொட்டை விடுவார். அதில் இரண்டு நிறங்காட்டிகள் கலந்திருக்கும். பொட்டாசியம் ஃபெரிசயனைடு, இரும்பு கரையும் இடத்தில் நீலமாகும். பினால்ஃப்தலீன், காரத்தன்மை உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். கொஞ்ச நேரத்தில் சொட்டின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகவும் நடுப்பகுதி நீலமாகவும் பிரிந்துவிடும். இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு படியும்.

கவனித்துப் பாருங்கள். காற்று தாராளமாகக் கிடைக்கும் ஓரத்தில் இரும்பு கரையவில்லை. காற்று எட்டாத நடுவில்தான் கரைகிறது. நடந்தது மின்சார விவகாரம். நடுவில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாக ஓரத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் தண்ணீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடாக மாறுகின்றன. சொட்டுத் தண்ணீர் வழியாக அயனிகள் நகர்ந்து சுற்றை முடித்து வைக்கின்றன. கரைந்த இரும்பு வெளியே வரும் வழியில் ஹைட்ராக்சைடையும் ஆக்சிஜனையும் சந்தித்துத் துருவாகப் படிகிறது. அதாவது ஒரு சின்ன பேட்டரி. அதில் செலவாகிக்கொண்டே இருப்பது நம்முடைய தகடு.

இதை வேனுக்குப் பொருத்திப் பார்த்தால் எல்லாம் விளங்கும். மழையும் காற்றும் நேராக அடிக்கும் கூரைத் தகடு ஐம்பது வருடமாகியும் நன்றாக இருக்கும். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த, அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த மடிப்பு முதலில் போகும். தலைமுடி நுழையும் அளவு இடுக்கு இருந்தாலே தண்ணீர் தானாக ஏறி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். வாய்ப்பக்கம் ஆக்சிஜன் உண்டு, அடியில் இல்லை. எவன்ஸின் சொட்டு அங்கே வருடக்கணக்கில் வேலை செய்கிறது.

உப்பு இதை மூன்று விதத்தில் கெடுக்கிறது. தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓட வழி செய்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். பிரிட்டனின் குளிர்காலக் காற்றில் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல்தான் ஈரப்பதம் இருக்கும் என்பதால், உப்புப் படிந்த மடிப்பு மாதக்கணக்கில் காய்வதே இல்லை. மூன்றாவதுதான் மிக மோசம். குளோரைடு அயனிகள் இரும்பு கரையும் குழிக்குள் போய்ச் சேர்கின்றன. அங்குள்ள தண்ணீர் அமிலமாக மாறிக் கரைவது இன்னும் வேகமாகிறது. துருவின் அடியில் அந்த உப்பு அப்படியே பதுங்கியிருக்கும். மேலே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் அதற்குக் கவலையில்லை.

அப்புறம் துரு இடம் கேட்கும். தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கோயில் கோபுரத்து இடுக்கில் முளைத்த அரசங்கன்று கல்லைப் பிளப்பது மாதிரி, மடிப்புக்குள் வளரும் துரு ஸ்பாட் வெல்டிங்கைப் பிய்த்துத் தகடுகளைப் பிரிக்கும். பிரிந்த இடத்தில் இன்னும் தண்ணீர்.

இனி வண்டிக்குள் வருவோம். டைப் 2வின் சில் ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று சேர்ந்த பெட்டி. தனிச் சட்டத்தின்மேல் தூக்கி வைத்த உடம்பு இல்லாத வண்டி என்பதால் இந்தப் பெட்டியும் பாரம் தாங்குகிறது. ஜன்னல் ரப்பர் வழியாகவும் கதவு வழியாகவும் இறங்கும் தண்ணீர் வெளியேற அடியில் சிறு துளைகள் உண்டு. சேறும் பழைய பெயின்டும், யாரோ நல்லெண்ணத்தில் பூசிய தாரும் அவற்றை அடைத்துவிடும். அன்றிலிருந்து அது தண்ணீர்த் தொட்டி. கூரை விளிம்பின் மழைக் காடி, முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், பின்பக்கம் இன்ஜினுக்குக் காற்று போகும் திறப்புகளின் அடி, பேட்டரி உட்காரும் தட்டு என்று வேறு இடங்களும் உண்டு. பேட்டரித் தட்டைத் தின்பதில் அமிலத்துக்கும் பங்கு இருக்கிறது.

கேம்பர் வேனுக்கு மட்டுமே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. அதற்குள் மனிதர்கள் சமைத்துத் தூங்குகிறார்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். வேதியியல் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால் நீங்களே கணக்கிடலாம். மூச்சுக்காற்றின் ஈரம் அதற்கு மேல். இந்த ஆவி மரப்பலகைக்குப் பின்னால் குளிர்ந்து கிடக்கும் தகட்டில் வியர்த்து வழியும். குளிர் தாங்கப் பஞ்சு அடைத்திருந்தால் அது ஈரத்தை உறிஞ்சித் தகட்டோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். மழையில் நனையாத இடத்தில் துரு வருவது இப்படித்தான். ஆகவே அலமாரிகளைக் கழற்றாமல் ஒரு கேம்பர் வேனின் துருவை மதிப்பிட முடியாது. கழற்ற மனமில்லாமல் வெளியே மட்டும் வேலை பார்ப்பது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

சரி, ரிப்பேர். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் முதலில் செம்பழுப்புத் தூள் பறக்கும். பிறகு கரும்பழுப்புப் பொருக்கு செதில் செதிலாக உதிரும். அதற்கும் அடியில் வெள்ளியாக மின்னும் தகட்டில் கரும்புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகள்தான் குழிகள், உப்பு பதுங்கியிருக்கும் இடங்கள். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், மெலிந்த தகடு சொத்தென்று அடங்கும். வெட்டும் கோடு அந்தச் சத்தம் மாறும் இடத்தைத் தாண்டி, நல்ல தகட்டுக்குள் இருக்க வேண்டும். சில்லையே முழுதாக வெட்டுவதென்றால் அதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் செய்து முட்டுக் கொடுக்க வேண்டும். பாரம் தாங்கும் பெட்டியை எடுத்ததும் உடம்பு சற்றே தொய்யும். தொய்ந்த நிலையில் புதிதைப் பற்றவைத்தால் கதவு என்றைக்கும் ஒழுங்காக மூடாது.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். அது துருவிலுள்ள இரும்போடு சேர்ந்து கரையாத கறுப்புச் சேர்மமாகிறது. கடுக்காயில் தோய்த்த துணியில், இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் கோடு இழுத்தால் கலம்காரியின் கறுப்பு கிடைக்குமே, அந்தக் கறுப்பும் இதே வேதிவினைதான். பாஸ்பாரிக் அமிலம் உள்ளவை இரும்பு பாஸ்பேட் படலத்தை உண்டாக்கும். குழிகளில் மிஞ்சிய மெல்லிய துருவுக்கு இவை நல்லவை. தடித்த பொருக்கின் மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுக்கும். அடிவரை இறங்காது. திரவத்தை நம்பிக் கிரைண்டரைக் கீழே வைத்துவிடக் கூடாது.

வெட்டிய இடத்தில் புதுத் தகடு. இந்த வேனின் உடம்புத் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தடிமனை ஒட்டித்தான் இருக்கும். எஃகு உருகுவதோ 1500 டிகிரி செல்சியஸை ஒட்டி. மெல்லிய கம்பியை மின்சாரத்தால் உருக்கிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங்கில் ஒரே இழுப்பாகக் கோடு போட்டால் தகடு அலை அலையாக நெளிந்துவிடும். காரணம் இதுதான்: சூடான பகுதி விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடம் கொடுக்காது. மிருதுவாகியிருக்கும் சூடான எஃகு தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். ஆறும்போது அது சுருங்குகிறது, ஆனால் இப்போது முன்பிருந்ததைவிடச் சிறியதாகிவிடுகிறது. சுருங்கும் பகுதி சுற்றுப்புறத்தை இழுக்க, தகடு வளைகிறது. அதனால்தான் விவரமானவர்கள் இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, மறுமுனையில் ஒரு பொட்டு என்று வைத்து, கை சுடாத அளவுக்கு ஆறவிட்டு, இடைவெளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புகிறார்கள். பொறுமையில்லாதவர் வேலையை வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டுப் போடுவது வேகமான வழி. ஆனால் அது புதிதாக ஒரு இடுக்கை உண்டாக்குகிறது. துரு பிறப்பதே இடுக்கில்தானே? விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைப்பதே மேல். வேறு வழியில்லாத இடத்தில் துத்தநாகம் கலந்த பிரைமரை நடுவில் பூசி, முடிந்ததும் மடிப்பைச் சீலன்டால் அடைக்க வேண்டும். துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும். பூச்சில் கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். போர்ஷே 911 வண்டிகளுக்கு 1970-களின் நடுவிலும், ஆடி 100க்கு 1980-களின் நடுவிலும் துத்தநாகம் பூசிய உடம்பு வந்ததும் இதற்காகத்தான். ஒரு எச்சரிக்கை: துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை அப்படியே வெல்டிங் செய்து அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்க்காய்ச்சல் வரலாம். பற்றவைக்கும் விளிம்பில் பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும், காற்றோட்டமும் வேண்டும்.

வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் பிரிட்டனின் வருடாந்திர எம்.ஓ.டி. சோதனை, சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பிடித்திருக்கும் இடங்களிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் கடுமையாகப் பார்க்கும். அங்கே வைக்கும் ஒட்டுத் தகடு இடைவெளியில்லாமல் வெல்டிங் செய்யப்பட்டிருக்க வேண்டும். பள்ளத்தை நிரப்பும் பட்டியோ ஃபைபர் கிளாஸோ செல்லாது. 40 வருடத்தைத் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 மே முதல் இந்தச் சோதனை கட்டாயமில்லை. டைப் 2க்குத்தான் சோதனை மிகவும் தேவை என்பதால், விலக்கு இருந்தாலும் கொண்டுபோய்க் காட்டுவதே பாதுகாப்பு.

பட்டியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் வேலை, வெல்டிங் தழும்பை மழுக்கி மேற்பரப்பைச் சமமாக்குவது. பாலியஸ்டர் பிசினும் டால்க் மாவும் சேர்ந்த கலவை அது. சிறிதளவு கடினமாக்கியைக் கலந்ததும் பிசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். வெறும் இரும்பின் மேல் பட்டி போட்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்த்தால் அந்தத் தண்ணீர் நேராக இரும்புக்குப் போய்ச் சேரும். முதலில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் மெல்லிய பட்டி, உலர்ந்த உப்புத்தாள். இந்த வரிசை மாறக் கூடாது. எபாக்ஸி ஈரத்தை எளிதில் விடாது. சாதாரண பிரைமர் பல விடும்.

பெயின்ட் காய்ந்து வண்டி மின்னும்போது வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் சில்லின் உட்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். வெல்டிங் சூட்டில் அங்கிருந்த பூச்செல்லாம் எரிந்து, தகடு அம்மணமாக நிற்கிறது. கை நுழையாது, பிரஷ்ஷும் நுழையாது. துரு முதலில் தொடங்கிய இடமும் அதுதான். இதற்கென்றே இளகிய மெழுகுத் திரவம் இருக்கிறது. நீண்ட குழாயின் நுனியில் சுற்றிலும் தெளிக்கும் மூக்கைப் பொருத்தி, துளை வழியாக உள்ளே விட்டு, பின்னோக்கி இழுத்துக்கொண்டே அடிப்பார்கள். திரவம் மடிப்புகளுக்குள் ஊர்ந்து போய்த் தண்ணீர் ஏறும் அதே இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். கெட்டியாகக் காய்ந்து வெடிக்கும் தாரைவிட இது நல்லது. வெடித்த தாருக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் காய வழியே இருக்காது. மெழுகு தீப்பற்றக்கூடியது என்பதால் வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே அடிக்க வேண்டும். கோடையில், தகடு வெதுவெதுப்பாக இருக்கும் நாளில் அடித்தால் நன்றாக ஓடும். மெழுகு சொட்டி நின்றதும், அடித்துளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியை விட்டுக் குத்தித் திறந்துவிட வேண்டும்.