செடியைக் கொன்றது வெயில் இல்லை

சித்திரை பிறந்தால் போதும், என் நர்சரிக்கு அழுகிய அடினியங்கள், அதாவது பாலைவன ரோஜாச் செடிகள், வர ஆரம்பித்துவிடும். இந்த வாரம் வந்ததன் பருத்த அடித்தண்டை அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது, புளித்த வாடை வேறு. "வெயில் தாங்காம செத்துப்போச்சுண்ணா" என்றார் கொண்டுவந்த அம்மா. தண்ணீர்? காலையும் மாலையும், மத்தியானம் வாடினால் இன்னொரு செம்பு.

அடினியமா வெயில் தாங்காது? ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட மண்ணில் வளர்வது அது. அதன் பங்காளி ஒன்று ஏமன் நாட்டுச் சொகோத்ரா தீவில் பாறை இடுக்கில் நிற்கிறது. தண்ணீரைச் சேர்த்து வைக்கத்தானே அந்தத் தண்டு! நம் ரோட்டோர மே ஃபிளவர் மரமும் நித்தியகல்யாணியும் மடகாஸ்கர் தீவுக்காரர்கள்தான். அவற்றுக்கு யார் குடம் தூக்குகிறார்கள்?

மத்தியானம் இலை தொங்கினால் தாகம் என்று முடிவுகட்டாதீர்கள். வேர் இழுப்பதைவிட வேகமாக இலை ஈரத்தை விடுகிறது, அவ்வளவுதான். மண் ஈரமாக இருந்தாலும் தொங்கும்; வெயில் தாழ்ந்ததும் தானே நிமிரும். நிமிரவில்லையா, விரலை ரெண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாராளமாக ஊற்றுங்கள். ஈரம் இருந்தும் விடிகாலையிலேயே தொங்கினால் வேர் அழுகுகிறது என்று சந்தேகப்படுங்கள். அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது, செடி வாடும். அதைப் பார்த்து நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். தொட்டியைச் சுடும் தளத்தில் வைக்காமல் ரெண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். கத்திரி வெயிலில் தொட்டி மாற்றுவது, யூரியா போடுவது எதுவும் வேண்டாம், தயவுசெய்து.

அப்புறம், ஓசூர் போய் ரோஜா வாங்கி வருகிறவர்களே! ஓசூர் நம் தருமபுரியைவிடச் சுமார் 400 மீட்டர் உயரம், அதனால் குளுமை. அங்கே நிழல்வலைக்குள் வளர்ந்ததை அன்றைக்கே மொட்டைமாடியில் வைத்தால் கருகாமல் என்ன செய்யும்? காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் பத்து நாளாவது பழக்குங்கள்.

நுனி கருகிய டிரசீனாவும் ஸ்பைடர் பிளான்ட்டும் வைத்திருப்பவர்களும் வெயிலைத்தான் திட்டுகிறார்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது ஊரறிந்த சங்கதி; அதற்காகத்தானே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. இந்த ரெண்டு செடிக்கும் ஃபுளோரைடு ஆகாது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். மண்கலவையில் சூப்பர் பாஸ்பேட் உரமும் சேர்க்காதீர்கள், அதிலும் ஃபுளோரைடு உண்டு. கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது; கத்தரித்துவிடலாம்.