கூடிக் கலையும் புரதங்கள்

செல்லைச் சுற்றியுள்ள சவ்வைச் சுவர் என்று நினைத்தால் இந்தக் கதை புரியாது. அது சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம். அதிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் அண்டையில் இருப்பவற்றோடு நொடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி முறை இடம் மாறுகின்றன. இந்தச் சந்தடிக்கு நடுவே ராஸ் என்ற புரதம் ஆறேழாகக் கூடி நிற்கிறது. ஒரு நொடிக்குள் கலைந்தும் விடுகிறது. செல் பெருக வேண்டும் என்ற செய்தி உள்ளே போவதற்கு இந்தக் குறுங்கூட்டம் முக்கியம். ராஸ் மரபணு பழுதானால் புற்றுநோய் வரலாம்.

தங்கத் துகள் ஒட்டி எடுத்த மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் கூட்டம் தெரிகிறது. ஆனால் படம் அசையாதே! எது எதை இழுத்தது என்பதைக் கணினியில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது: அணுக்கள் உருண்டைகள், பிணைப்புகள் சுருள்வில்கள், மற்றதை நியூட்டன் பார்த்துக்கொள்வார். தொல்லை நேரத்தில்தான். அணுக்களை நகர்த்தும் ஒவ்வொரு கணக்கு அடிக்கும் 2 ஃபெம்டோநொடி (ஒரு ஃபெம்டோநொடி என்பது நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) வைத்தால், ஒரு மைக்ரோநொடிக்கே, அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கே, 50 கோடி அடிகள். முழு நொடிக்கு? கணினி கிழடாகிவிடும்.

அதனால் நெதர்லாந்தின் குரோனிங்கனில் பிறந்த 'மார்ட்டினி' முறை, ஹைட்ரஜனை ஒதுக்கிவிட்டு நாலு அணுக்களை ஒரு மணியாகக் கோக்கிறது. நுணுக்கம் போகும், வேகம் வரும். ராஸ் வகைகளில் ஒன்றான கே-ராஸின் வாலிலுள்ள லைசின் என்ற நேர்மின்னூட்ட அமினோ அமிலங்கள் எதிர்மின்னூட்டக் கொழுப்புகளைத் தம்மைச் சுற்றிச் சேர்ப்பதை இப்படிப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு மைக்ரோமீட்டர் சதுரச் சவ்வில் 300 ராஸ்களை விட்டு, கொழுப்புகளை வெறும் அடர்த்தியாக மட்டும் கணக்கிட்டார்கள். புதுமையாகத் தெரிந்த இடங்களை இயந்திரக் கற்றல் பொறுக்கிக் கொடுக்க, அவற்றை மட்டும் மார்ட்டினி மணிகளாக விரித்தார்கள். சியரா மீக்கணினியில் இப்படி ஓடிய மணிக் கணக்குகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

ஒரு எச்சரிக்கை. மணிகள் வழவழப்பானவை, உராய்வு குறைவதால் மார்ட்டினியின் கடிகாரம் சுமார் நாலு மடங்கு வேகமாக ஓடும். அதைவிட மோசம், பழைய பதிப்பில் புரதங்கள் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டன. கூட்டத்தைத் தேடுபவருக்கு இதைவிடப் பெரிய பொறி வேறில்லை. 2021இல் வந்த மார்ட்டினி 3 அந்தப் பசையைப் பெருமளவு குறைத்தது. இன்றும் திரையில் கூட்டம் கூடினால், அது பிரிகிறதா என்று காத்திருந்து பார்ப்பதே முதல் சோதனை.