பகடையை எங்கே உருட்டுவது? சாமுராய் ஆட்டத்தில் பெரும்போர் நடத்தும் கணக்கு

சாமுராய் ரோல்பிளே ஆட்டத்தில் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வீரனை நடத்துவார்கள். எதிரிகள், ஊர், வானிலை என்று மற்ற எல்லாம் கேம் மாஸ்டரின் பொறுப்பு. ஒற்றைக்கொற்றை வாள்சண்டை வரை சிக்கலே இல்லை. இரண்டு படைகள் எதிரெதிரே வந்து நின்றதும் ஆட்டம் திணறத் தொடங்கும்.

ஒரு வெட்டுக்குப் பகடை உருட்டி, கூட்டி, காயத்தைக் குறிக்க 15 நொடி என்று வையுங்கள். பக்கத்துக்கு 100 பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 200 உருட்டல், அதாவது 50 நிமிடம். பத்துச் சுற்று ஓடினால் எட்டு மணி நேரத்தைத் தாண்டும்.

நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அத்தனை உருட்டியும் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதுதான் கொடுமை. வெட்டு பலிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், பத்துப் பேர் வெட்டும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை 4 முதல் 6 வெட்டு பலிக்கும். மீதித் தடவைகளில் அதற்கு வெளியே போகும், அதில் ஒரு பரபரப்பு உண்டு. பத்தாயிரம் பேர் வெட்டினால், அதே மூன்றில் இரண்டு தடவை எண்ணிக்கை 4,950க்கும் 5,050க்கும் நடுவில் அடங்கிவிடும். ஏற்ற இறக்கம் வெறும் 1 சதவீதம். படை பெருகப் பெருக அதிர்ஷ்டம் ஆவியாகிவிடுகிறது. ஆகவே பெரும்போரில் பகடையை வாள்முனையில் உருட்டக் கூடாது. நிச்சயமின்மை எங்கே இருக்கிறதோ அங்கே உருட்ட வேண்டும்.

அது எங்கே இருக்கிறது என்று பார்க்க, 1561இல் நடந்த நான்காம் கவனகாஜிமா போரை எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானின் இன்றைய நாகானோ பகுதி. சாய்ஜோ மலைமேல் படைத்தலைவர் உயெசுகி கென்ஷின் 13,000 பேருடன் இருக்கிறார். கைசு கோட்டையில் அவருடைய எதிரி தகேதா ஷிங்கென், 20,000 பேர். (பிற்காலக் குறிப்புகள் தரும் எண்ணிக்கை இது, கொஞ்சம் ஊதியிருக்கலாம், ஆட்டத்துக்குப் போதும்.) ஷிங்கென் இரவோடிரவாக 12,000 பேரை மலைக்குப் பின்பக்கம் அனுப்பிவிட்டு, மீதி 8,000 பேருடன் ஹச்சிமன்பாரா சமவெளியில் காத்திருந்தார். மலையிலிருந்து துரத்தப்பட்டு வருபவர்களை மடக்குவது திட்டம். கென்ஷின் அதை மோப்பம் பிடித்து, இருட்டிலேயே சிகுமா ஆற்றைக் கடந்துவிட்டார். விடிந்து பனிமூட்டம் விலகியபோது 8,000 பேருக்கு எதிரே முழுப்படையும் நின்றது.

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர், மோதும் படைகளில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று கணக்கிட எழுதிய சமன்பாடுகளை இதில் போட்டுப் பார்க்கலாம். ஈட்டிச் சண்டையில் முன்வரிசை மட்டுமே மோதுவதால் நேரடிக் கழித்தல் பொருந்தும். ஆற்றுத்துறையைக் காக்க உயெசுகி விட்டுவந்த சுமார் 1,000 பேரைத் தள்ளினால் 12,000 கழித்தல் 8,000. தகேதா படை அழிந்து, உயெசுகி பக்கம் 4,000 பேர் மிஞ்ச வேண்டும். நடந்தது அதுவல்ல. தகேதா படை கடும் இழப்போடு தாக்குப்பிடித்தது. மலைக்குப் போன 12,000 பேர் திரும்பி வந்ததும் கென்ஷின் பின்வாங்கினார். பனிமூட்டம், ஒற்றுத் தகவல், படை வந்துசேரும் நேரம், வீரர்களின் மனவுறுதி என்ற நாலும் சேர்ந்துதான் இந்த முடிவைத் தந்தன. பகடை அங்கேதான் போக வேண்டும்.

இனி மேசைக்கு வருவோம். ஒரு சுற்று என்பது அரைமணிப் போர். உயெசுகியின் 12,000 பேரை நாலு அணியாக்கி, இரண்டை முன்னணியில் வையுங்கள். தகேதாவின் 8,000 பேரும் அப்படியே நாலு அணி. ஆள்கணக்கை அதோடு மறந்துவிடலாம். ஒவ்வொரு அணிக்கும் ஒரே எண்தான்: மனவுறுதி 4. அட்டைமேல் நாலு புளியங்கொட்டை வைத்து, போகப் போக எடுத்தால் போதும்.

சுற்றின் தொடக்கத்தில் இரு தளபதிகளும் ஆளுக்கொரு பத்துமுகப் பகடை உருட்டுகிறார்கள். ஆள்பலத்துக்கும் திடீர்த் தாக்குதலுக்கும் உயெசுகி பக்கம் 2 கூட்டல். இதனால் உயெசுகி வெல்ல 64 சதவீதம், தோற்க 28, சமன் 8. தோற்ற பக்கத்தின் முன்னணி அணிகள் இரண்டும் ஒவ்வொரு புள்ளி இழக்கும். வித்தியாசம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டிரண்டு.

நாலு புள்ளி என்பது குத்துமதிப்பு அல்ல. இந்த விதிப்படி தகேதா முன்னணி சுற்றுக்குச் சராசரி 0.92 புள்ளி இழக்கும். நாலும் தீரச் சராசரி ஏறத்தாழ நாலேமுக்கால் சுற்று ஆகும். மலைக்குப் போன படை வரும் நேரத்தையும் அதை ஒட்டியே வைக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் பகடையில் 1–2 விழுந்தால் வருகிறது, நாலாவதில் 1–5, ஐந்தாவதில் 1–8, ஆறாவதில் நிச்சயம். கூட்டிப் பார்த்தால் நாலாம் சுற்று முடிவதற்குள் வந்திருக்க 60 சதவீதம், ஐந்துக்குள் 92. முன்னணி உடைவதும் உதவி வருவதும் நூலிழையில் போட்டி போடும். மனவுறுதியை 3 ஆக்கினால் முன்னணி ஏறத்தாழ மூன்றரைச் சுற்றிலேயே போய்விடும், உதவிப்படை வெறும் களத்துக்கு வந்துசேரும். 6 ஆக்கினால் யாருக்கும் பதற்றமே இருக்காது. வருகைப் பகடையை கேம் மாஸ்டர் மறைத்தே உருட்ட வேண்டும்.

பூஜ்யத்துக்கு வந்த அணி ஓடும். ஓடும் அணிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் பகடை உருட்டி 1–3 விழுந்தால் அவர்களும் ஓடுவார்கள். தளபதியின் கொடி கண்ணில் படவில்லை என்றால் 1–6. கொடி மறைந்ததற்கு இத்தனை தண்டனையா என்று தோன்றும். வரிசை நீளமாக இருந்தால், 30 சதவீத வாய்ப்பில் ஓர் அணி உடைவது இடப்புறம், வலப்புறம் ஒவ்வொன்றிலும் சராசரி 0.43 அணியை இழுத்துப் போகும். 60 சதவீதத்தில் 1.5 அணி. பயம் இரண்டு மடங்கானால் சேதம் மூன்றரை மடங்கு. படைகள் கடைசி ஆள் வரை போரிடாமல் திடீரெனக் கலைவதன் கணக்கு இதுதான். கொடியைக் காப்பது ஏன் உயிர்போகும் வேலை என்பதையும் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே புரிந்துகொள்வார்கள்.

ஆட்டக்காரர்களின் வீரர்கள் இதில் எங்கே? ஒவ்வொரு சுற்றிலும் அவரவர் நிற்குமிடத்தை அவரவரே சொல்ல வேண்டும். 1997இல் வந்த ‘லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்’ ஆட்டம் இதை நாலு படியாகப் பிரித்தது. அந்தப் பிரிவினையை மிஞ்ச இன்னும் ஒன்று வேண்டியதில்லை. எண்கள் மட்டும் நம்முடையவை: பின்னணியில் காயமில்லை, ஓரத்தில் ஒரு பகடைக் காயம், மோதல் முனையில் இரண்டு, நட்டநடுவில் மூன்று. சாகசத் தருணம், அதாவது வீரன் தனியாகத் துணிந்து ஏதாவது செய்யும் வாய்ப்பு, கிடைப்பது முறையே 10, 20, 40, 60 சதவீதம். நாற்பது உயிர்ப்புள்ளி உள்ளவன் நட்டநடுவில் இரண்டு சுற்று நின்றால் சராசரி 33 போய்விடும், மூன்றாவதில் விழுவான். ஆக முன்னே பாய்வதும் மூச்சுவாங்கப் பின்னே வருவதும் தானாகவே நடக்கும்.

சாகசத்தில் வென்றால் தளபதியின் பகடைக்கு 1 கூட்டல். மூன்றாம் சுற்று என்று வையுங்கள். உயெசுகி 7 உருட்டி 2 கூட்டி 9. தகேதா 4. வித்தியாசம் 5, இரண்டு அணிகளும் இரண்டிரண்டு இழக்க வேண்டியது. ஓரத்தில் நின்ற ஒருத்தி விழுந்துகிடந்த கொடியைத் தூக்கி நிறுத்தியதால் 4 ஐந்தாகிறது, வித்தியாசம் 4, ஒவ்வொன்றே போகிறது. மொத்தம் இரண்டு புளியங்கொட்டை மிச்சம். அதை மேசைமேல் எல்லோரும் பார்க்க விட்டுவையுங்கள்.

சுற்றுக்கு 2 கூட்டலுக்கு மேல் அனுமதிக்கக் கூடாது. ஐந்து பேரும் ஆளுக்கொன்று சேர்த்து, அதுவும் ஏற்கெனவே சமபலத்தில் இருக்கும் பக்கத்துக்குப் போனால், வெற்றி வாய்ப்பு 45லிருந்து 85க்குத் தாவும், போர் அங்கேயே முடிந்தது. தலை கொய்வதற்கும் விலை வேண்டும். எதிரியின் தலையைக் கொண்டுபோய்க் காட்டிப் பரிசு பெறுவது அக்கால வழக்கம். தலையெடுக்க நின்றவனுக்கு அடுத்த சுற்றில் சாகசம் இல்லை. புகழா, போரா என்று அவனே முடிவெடுக்கட்டும்.

நல்ல கேம் மாஸ்டர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒருவரின் துவந்த யுத்தம் இருபது நிமிடம் ஓடும், மற்ற நாலு பேர் கைபேசியைப் பார்ப்பார்கள். இதற்குத் தீர்வு கவனகாஜிமா மரபுக்கதையிலேயே இருக்கிறது. கென்ஷின் தனியாகக் குதிரையில் பாய்ந்து வந்து, உட்கார்ந்திருந்த ஷிங்கெனை மூன்று முறை வெட்டினாராம். ஷிங்கென் போர்விசிறியால் தடுத்தாராம். அதற்குள் ஷிங்கெனின் ஆள் ஒருவன் ஈட்டியை நீட்டினான், அடிபட்ட குதிரை மிரண்டு ஓடியது. வரலாற்றாசிரியர்கள் இதை நம்பத் தயங்குகிறார்கள், ஆனால் விதியாக அச்சு அசல் பொருந்துகிறது: எந்தத் துவந்தமும் மூன்று வெட்டு மட்டுமே, அப்புறம் அந்த ஈட்டிக்காரன் வந்துவிடுவான். அவனுக்கான பகடையைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுங்கள்.