தேடுபொறி உகப்பாக்கம்: சொல் விளக்கம்

எஸ்இஓ. விரித்துச் சொன்னால் சர்ச் எஞ்சின் ஆப்டிமைசேஷன். கூகுள், பிங் போன்ற தேடுபொறிகள் நம் வலைத்தளத்தைக் கண்டுபிடித்து, அதில் என்ன இருக்கிறது என்று சரியாகப் புரிந்துகொண்டு, யாராவது அது தொடர்பாகத் தேடும்போது முடிவுகளில் மேலே காட்டும்படி செய்கிற வேலைக்கு இந்தப் பெயர். காசு கட்டி மேலே வருவது இதில் சேராது, அது விளம்பரம்.

தமிழில் இதைத் 'தேடுபொறி உகப்பாக்கம்' என்று எழுதுகிறோம். 'தேடுபொறி மேம்பாடு', 'தேடல் பொறி மேம்படுத்தல்' என்றும் எழுதுகிறார்கள். நான் உகப்பாக்கம் கட்சி. ஏன் என்று சொல்ல, சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சர்ச். சுற்றி வருவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சர்க்கஸும் அதே குடும்பம்தான். தேடு என்று நாம் சொல்வதற்கு மேல் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

எஞ்சின் அப்படியில்லை. அதன் வேர் லத்தீன் 'இங்கேனியம்'. பிறவியிலேயே அமைந்த அறிவு, சாமர்த்தியம் என்று பொருள். பழைய பிரெஞ்சில் அது 'எங்கின்' ஆகி, சாமர்த்தியத்தோடு சூழ்ச்சி என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டது. அப்புறம் சூழ்ச்சியால் செய்த கருவி, குறிப்பாகக் கோட்டையைத் தாக்கும் போர்க்கருவி. அந்தக் கருவிகளைச் செய்தவர்தான் முதல் எஞ்சினியர். அதே சொல் தேய்ந்து ஆங்கிலத்தில் 'ஜின்' என்றாகிக் கண்ணி, பொறி என்ற பொருளிலும் வழங்கியது. குடிக்கிற ஜின் வேறு, அதற்கு வேர் வேறு. ரயிலை இழுக்கும் எஞ்சினெல்லாம் இதற்கு வெகு பின்னால் வந்தது.

இப்போது தமிழுக்கு வாருங்கள். எலிப்பொறியில் பொறி என்றால் கண்ணி. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டையின் காவலை அடுக்கும்போது 'மிளையும் கிடங்கும் வளைவிற் பொறியும்' என்று தொடங்குகிறது. வளைவிற் பொறி என்பது தானே வளைந்து அம்பு எய்யும் எந்திர வில். ஆக, போர்க்கருவி, கண்ணி, எந்திரம் என்று எஞ்சின் நடந்த தடங்களிலெல்லாம் பொறியும் நடந்திருக்கிறது. ஐம்பொறி, தீப்பொறி, புலிப்பொறி என்று நம் சொல்லுக்கு இன்னும் சில கிளைகள் கூடுதலாகவே உண்டு. எஞ்சினியரைப் பொறியாளர் என்று சொல்லிப் பழகிவிட்டதால் இந்தப் பொருத்தம் நம் கண்ணில் படுவதில்லை.

இலக்கணத்தில் தேடுபொறி ஒரு வினைத்தொகை. தேடிய பொறி, தேடுகின்ற பொறி, தேடும் பொறி மூன்றும் அதற்குள் அடக்கம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'தேடுப்பொறி' என்று எழுதுவது பிழை. எஸ்இஓ வகுப்பு விளம்பரங்களிலேயே இந்தப் பிழையைப் பார்க்கலாம்.

ஆப்டிமைசேஷனுக்கு வேர் 'ஆப்டிமஸ்', மிகச் சிறந்தது என்று பொருள். இருக்கக்கூடிய உலகங்களிலெல்லாம் மிகச் சிறந்ததையே கடவுள் படைத்தார் என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1710-இல் எழுதினார். அந்த வாதத்திலிருந்துதான் ஆப்டிமிசம் என்ற சொல் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த 'ஆப்டிமைஸ்' என்ற வினைக்கு முதலில் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நம்புவது என்றுதான் பொருள். இருப்பதைக் கொண்டு முடிந்தவரை சிறப்பாகச் செய்வது என்ற பொருள் அதற்குப் பிறகு வந்தது. மாதச் சந்தா கட்டிவிட்டு முதல் பக்கம் வரும் வரும் என்று காத்திருக்கும் பலர் இன்னும் அந்தப் பழைய பொருளில்தான் எஸ்இஓ செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஈடாக எடுத்ததுதான் உகப்பு. உகந்த நேரம், நெல்லுக்கு உகந்த மண், சிவனுக்கு உகந்த வில்வம் என்று நாம் அன்றாடம் புழங்குகிற உகத்தலின் பெயர் வடிவம். வைணவர்கள் பெருமாள் விரும்பி எழுந்தருளிய ஊர்களை 'உகந்தருளின நிலங்கள்' என்பார்கள். ஏற்றதாக இருத்தல், விரும்பப்படுதல் இரண்டும் இதில் உண்டு. அதோடு ஆக்கம் சேர்ந்தால் உகப்பாக்கம்.

மேம்பாடு ஏன் ஒத்துவரவில்லை? 'தேடுபொறி மேம்பாடு' என்றால் யார் படித்தாலும் தேடுபொறியை மேம்படுத்துவது என்றே எடுத்துக்கொள்வார்கள். அது கூகுளில் சம்பளம் வாங்கும் பொறியாளர் வேலை. நாம் மாற்றுவது நம் பக்கத்தை. பொறியின் மேல் நம் கை படுவதே இல்லை. ஆங்கிலத் தொடரிலும் இந்தக் குழப்பம் இருக்கத்தான் செய்கிறது. தமிழில் அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. உகத்தல் இயல்பாகவே 'கு' உருபைக் கேட்கும்: எதற்கு உகந்தது? அதனால் தேடுபொறி உகப்பாக்கம் என்ற தொகையை விரித்தால் 'தேடுபொறிக்கு உகந்ததாக ஆக்குதல்' என்று நான்காம் வேற்றுமையில் விரியும். செய்கிற வேலையும் அதுதான்.

இன்னொன்று. தொல்காப்பிய உரியியலில் 'உகப்பே உயர்தல் உவப்பே உவகை' என்று ஒரு நூற்பா உண்டு. அங்கே உகப்பு என்றால் உயர்வு. முடிவுப் பட்டியலில் கீழே கிடப்பதை மேலே கொண்டுவரும் வேலைக்கு இதைவிடப் பொருத்தம் கேட்க முடியாது. இந்தச் சொல்லை ஆக்கியவர்கள் நினைத்தது 'உகந்த' என்பதைத்தான், தொல்காப்பியப் பொருள் போனஸ்.

சரி, தொழில் எப்போது வந்தது? ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறி 1995 டிசம்பரில் வந்தது. அந்தக் காலத்துப் பொறிகள் பக்கத்தில் ஒரு சொல் எங்கே, எத்தனை முறை வருகிறது என்பதைப் பெரிதும் நம்பின. உடனே ஆட்கள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு முறை ஒளித்து வைத்தார்கள். எஸ்இஓ என்ற பெயர் 1997 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. முதலில் சொன்னது நான்தான் என்று உரிமை கொண்டாடியவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள். 2007-இல் அமெரிக்காவில் ஒருவர் இந்த மூன்றெழுத்தையே தன் வணிகக் குறியாகப் பதிவு செய்யப் பார்த்தார். தொழிலில் இருந்தவர்கள் எதிர்த்தார்கள், பதிவு கிடைக்கவில்லை.

1998-இல் நிறுவனமான கூகுள், ஒரு பக்கத்துக்கு வேறு எந்தெந்தப் பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன என்பதை மதிப்பாக எடுத்துக்கொண்டது. அதுதான் பேஜ்ரேங்க். அதிலுள்ள பேஜ், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி பேஜின் பெயர். சொல்லை அடுக்கியவர்கள் அடுத்து இணைப்புகளை விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். 2011-இல் பாண்டா, 2012-இல் பெங்குயின் என்று கூகுள் கொண்டுவந்த மாற்றங்கள் சரக்கில்லாத பக்கங்களையும் போலி இணைப்புகளையும் கீழே தள்ளின. பக்கத்தின் நிரலுக்குள் குறிச்சொற்களை வரிசையாக எழுதிவைக்கும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' வழக்கத்தைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. இன்றும் அதை நிரப்பித் தரக் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்ப் பக்கங்களுக்கு உகப்பாக்கத்தின் முதல் படி எழுத்துருவிலேயே இருந்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினியில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், பொறிக்கு அது பொருளற்ற ஆங்கிலம். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'தமிழ்' என்று தேடியவருக்கு அந்தப் பக்கம் அகப்படவே அகப்படாது. இப்படி எத்தனையோ நல்ல கட்டுரைகள் இணையத்தில் இருந்தும் இல்லாமல் போயின. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். பழைய எழுத்துருவில் இன்னும் பக்கம் வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டிய உகப்பாக்கம், அதை யூனிகோடுக்கு மாற்றுவது.

அடுத்தது தலைப்பு. பயணக் கட்டுரைக்குக் 'கூடல் நகரில் ஒரு மாலை' என்று பெயர் வைத்தால் அழகுதான். ஆனால் ஊருக்குக் கிளம்புகிறவர் 'மதுரையில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்றல்லவா தட்டுகிறார்? கட்டுரையில் மதுரை என்ற பெயரே வராமல் கூடல், ஆலவாய் என்றே எழுதியிருந்தால் பொறிக்கும் திண்டாட்டம், வாசகருக்கும் திண்டாட்டம். அழகான தலைப்பைப் பக்கத்தின் மேலே வைத்துக்கொண்டு, உலாவித் தாவலிலும் தேடல் முடிவிலும் தெரிகிற தலைப்பில் ஊர்ப் பெயரைச் சேர்த்துவிடலாம். அதற்காக வரிக்கு வரி 'மதுரை சுற்றுலா மதுரை இடங்கள்' என்று திணிப்பது உகப்பு ஆகாது. படிக்கிறவர் ஓடிவிடுவார்.

புழக்கத்துக்குச் சில வடிவங்கள். வினையாக, 'பக்கத்தை உகப்பாக்கினோம்'. செய்பவர் உகப்பாக்குநர். பேச்சில் எஸ்இஓ என்றே இருக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. எழுத்தில் முதல் முறை தேடுபொறி உகப்பாக்கம் என்று விரித்து எழுதிவிட்டு அப்புறம் உகப்பாக்கம் என்று சுருக்கிக்கொள்ளலாம். இப்போது இணைப்புப் பட்டியலுக்குப் பதில் நேரடியாக விடையே சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் இடம்பிடிக்கும் வேலைக்கு ஏஇஓ (ஆன்சர் எஞ்சின் ஆப்டிமைசேஷன்), ஜிஇஓ (ஜெனரேட்டிவ் எஞ்சின் ஆப்டிமைசேஷன்) என்று புதுப் பெயர்கள் வந்திருக்கின்றன. அந்தக் கருவியை 'விடைப்பொறி' என்று நான் எழுதி வருகிறேன். விடைப்பொறி உகப்பாக்கம். விடையைத் தரும் பொறி என்று விரிவதால் இங்கே 'ப்' கட்டாயம் வேண்டும்.