நோய் ரப்பரிலா, இரும்பிலா?

மே மாத மழை தொடங்கி இரண்டு கிழமை. வத்தளையில் மாமா வீட்டுப் பின்வளவில் கினிப்புல் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. அதற்குள் எத்தனை சிரட்டை, எத்தனை யோகட் கப் தண்ணீர் பிடித்துக் கிடக்கிறதோ! டெங்கு பரிசோதனைக்கு வருபவர்கள் எட்டிப் பார்த்தால் கதை கந்தல். புல்லு வெட்டும் மெஷினோ பத்து வருஷப் பழசு. கயிற்றை இழுத்தால் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துவிடும்.

"கடைக்காரன் சொல்லுறான், எஞ்சின் போச்சாம். புதுசு வாங்கட்டாம்," என்றார் மாமா.

"கழட்டிப் பார்த்தவனோ?"

"எங்கே! ரெண்டு தரம் கயித்தை இழுத்தான், தலையை ஆட்டினான்."

திருத்துவதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்வி வந்தால் எல்லோரும் முதலில் மெஷினின் வயதைத்தான் எண்ணுவார்கள். நான் வயதைக் கேட்பதில்லை. நோய் ரப்பரில் இருக்கிறதா, இரும்பில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். அது ஏன் என்று விளங்க எஞ்சினுக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

தோளில் தொங்கும் இந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். காரில் இருப்பதுபோல வால்வுகள் கிடையாது. சிலிண்டர் சுவரில் துவாரங்கள் இருக்கின்றன, அவற்றைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனேதான். பிஸ்டன் மேலே போகும்போது தலைப்பக்கம் பெற்றோல் கலந்த காற்றை நெருக்குகிறது. அதே நேரம் கீழே உள்ள அறையில் வெற்றிடம் உண்டாகி, அடுத்த வேளைக்கான கலவை அங்கே உறிஞ்சப்படுகிறது. பிளக் பொறிந்ததும் பிஸ்டன் கீழே வந்து முதலில் புகை போகும் துவாரத்தைத் திறக்கும், பிறகு கீழறையில் காத்திருந்த கலவையை மேலே தள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 7,000 சுற்று என்றால் ஒரு விநாடிக்கு 116க்கு மேல் வெடிப்பு.

உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் எரியாத பெற்றோல் கொஞ்சம் புகையோடு ஓடிப்போகும். டூ ஸ்ட்ரோக் ஓட்டோக்களின் இறக்குமதியை இலங்கை 2008 இல் நிறுத்தியதற்கு இந்தப் புகைதான் காரணம். வளவுகளில் இந்த எஞ்சின் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கீழறை கலவைக்கான வழியாகிவிட்டதால் அங்கே எண்ணெய் தேக்கிவைக்க இடமில்லை. பெற்றோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்குக் கிடைக்கும் ஒரே வழுவழுப்பு. 50க்கு 1 என்று மெஷினில் எழுதியிருந்தால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. எண்ணெய் கலக்காமல் ஒரு டாங்கி ஓட்டினால் போதும், அலுமினியப் பிஸ்டன் உரசி உருகிச் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் இரும்பு நோய் என்கிறேன்.

அது இருக்கிறதா என்று பார்க்க ஐந்து சதம் செலவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். சர்ரென்று கீழே இறங்கினால் உள்ளே காற்று நிற்கவில்லை என்று அர்த்தம். தயங்கித் தயங்கி, படிபடியாக இறங்கினால் நெருக்கம் இருக்கிறது. அழுத்தம் காட்டும் அளவி வைத்திருப்பவர்கள் பிளக் துவாரத்தில் பூட்டிப் பார்க்கலாம். நல்ல எஞ்சினில் 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். 90க்குக் கீழே என்றால் நான் அந்த மெஷினுக்குக் காசு போடமாட்டேன். இன்னும் சந்தேகமா? சைலன்சரின் இரண்டு மூன்று நட்டைக் கழற்றி, துவாரத்துக்குள் டோர்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கமே கண்ணுக்குத் தெரியும். மழமழவென்றிருந்தால் நிம்மதி. மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால் மெஷினின் ஆயுள் முடிந்தது.

மாமாவின் மெஷின் படிபடியாக இறங்கியது. பிஸ்டனிலும் கீறல் இல்லை.

ஆகவே அடுத்தது ரப்பர். பெற்றோலையும் காற்றையும் கலப்பது காபரேட்டர். மோட்டார்சைக்கிள் காபரேட்டரில் பெற்றோலின் மட்டத்தைக் காக்க ஒரு மிதவை இருக்கும். புல்லு வெட்டும் மெஷினைச் சரித்தும் கவிழ்த்தும் பிடிப்பதால் மிதவை சரிவராது. அந்த வேலையை இரண்டு மெல்லிய ரப்பர்ச் சவ்வுகள் செய்கின்றன. ஒன்று பம்பு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கீழறையில் மாறிமாறி உண்டாகும் உறிஞ்சலும் அழுத்தமும் ஒரு சின்னத் துளை வழியாக வந்து அதை ஆட்ட, டாங்கியிலிருந்து பெற்றோல் ஏறுகிறது. மற்றது காவற்காரன். எஞ்சின் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவுக்கு வளைந்து, ஒரு ஊசிக் கதவைத் திறக்கிறது. பம்புச் சவ்வு ஒரு மணித்தியாலத்தில் நாலு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கும்.

பழைய பேப்பரை விரித்து மாமாவின் காபரேட்டரைத் திறந்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, நாலு இஸ்குருப்பாணி. உள்ளே தேன் நிறத்தில் பிசின் படிந்திருந்தது. முட்டைக் கோதுக்குள் இருக்கும் தோல்போல நெகிழவேண்டிய சவ்வு, பொரிக்காத அப்பளம்போல விறைத்துப்போய், விரலால் அமத்தினால் டக்கென்று சத்தம் போட்டது. இப்படி விறைத்த சவ்வு ஊசிக் கதவை முழுதாகத் திறக்காது. காற்று வரும் வழியை அடைக்கும் சோக்கைப் பாதி மூடினால் ஓடுகிறது, திறந்தால் நின்றுவிடுகிறது என்றால் நோய் இதுதான். காற்று குறைந்து உறிஞ்சல் கூடும்போது மட்டும் போதிய பெற்றோல் வருகிறது.

பிசின் எங்கிருந்து வந்தது? 2022 தட்டுப்பாட்டில் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்து, கான்களில் ஊற்றித் தரமாட்டோம் என்று கேட்டுக்கேட்டு, மாமாவுக்கு மிச்சப் பெற்றோலைக் கொட்ட இன்னும் மனம் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் டாங்கியோடு விட்டுவிடுவார். மாதக்கணக்கில் கிடந்தால் இலேசான பாகம் ஆவியாகிவிடும். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாகும்.

இந்த இடத்தில்தான் இரண்டு நோய்க்கும் உறவு இருக்கிறது. பெற்றோல் குறைந்தால் அதோடு வரும் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும். ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டால், சில நூறு ரூபாய்ச் சவ்வு பிஸ்டனைத் தின்றுவிடும். கீழறை அச்சைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கிராங்க் சீல் தேய்ந்து வெளிக்காற்றை உறிஞ்சும் மெஷினுக்கும் இதே கதிதான். சும்மா நிற்கும்போது எஞ்சின் காரணமில்லாமல் ஏறி ஏறி இரைந்தால் அதைச் சந்தேகிக்கவேண்டும்.

கொழும்பு பழைய சோனகத் தெருவில் சவ்வு செட்டும் பெற்றோல் குழாயும் புதுப் பிளக்கும் வாங்கினேன். வெள்ளவத்தையில் இரண்டு பேர் மத்தியானம் சாப்பிடும் காசுதான் ஆனது. புது மெஷினோ வெளிநாட்டுச் சாமான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது, பழைய விலை திரும்பவேயில்லை. இரும்பு நோய் வந்த மெஷினுக்குச் சிலிண்டரும் பிஸ்டனும் செட்டாகக் கிடைக்கலாம். ஆனால் உரசிய அலுமினியத் தூள் பெயாரிங்குக்குள் போயிருக்கும். கூலி கொடுத்து அதைச் செய்விப்பதை விடப் புதிது வாங்குவதே மேல். சின்ன வளவென்றால் பற்றரி மெஷினும் பார்க்கலாம், கினிப்புல்லுக்கு அது போதாது.

மெஷின் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. ஆனால் புல்லில் வைத்ததும், வெட்டும் நைலோன் இழையான தங்கூசி துண்டுதுண்டாகத் தெறித்தது. தங்கூசியைச் சுழற்றிப் புல்லு வெட்டும் யோசனையே 1971 இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜோர்ஜ் பல்லாஸ் என்பவருக்கு, கார் கழுவும் இடத்தில் சுழன்ற தூரிகைகளைப் பார்த்து வந்தது. தகர டப்பாவில் துளை போட்டு, மீன்பிடிக்கும் தங்கூசியைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தார். வெட்டுவது கூர் அல்ல, வேகம். மையத்திலிருந்து 20 சென்டிமீற்றர் நீளத் தங்கூசி நிமிடத்துக்கு 6,000 தடவை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 450 கிலோமீற்றர் வேகத்தில் போகும். அந்த அடியைத் தாங்க நைலோனுக்கு நெகிழ்வு வேண்டும். அதைக் கொடுப்பது அது உறிஞ்சிவைத்திருக்கும் ஈரம். மாமாவின் சுருள் தகரக் கொட்டிலில் வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்தது.

"ராத்திரிக்குத் தண்ணிக்குள்ள போட்டு வையுங்கோ மாமா."

"நைலோனையோ?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வாளியைத் தேடிப் போனார். அந்த வாளிக்குள்ளும் நேற்றைய மழைத் தண்ணீர் நின்றது.