பஜ்ஜித் தாளும் போஸ்னான்ஸ்காவின் அட்டையும்

"ஆயில் பெயிண்டிங் என்றால் மின்ன வேண்டாமா? இந்த அம்மா வரைந்ததெல்லாம் சாக்பீஸ் பூசியது மாதிரி இருக்கிறதே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் சொல்வது ஓல்கா போஸ்னான்ஸ்காவை. 1865இல் கிராக்கோவில் பிறந்து, 1898இல் பாரிஸுக்குக் குடிபோன போலந்து ஓவியர். 1912இல் பிரெஞ்சு எழுத்தாளர் கேப்ரியல் ரேவாலை அவர் வரைந்த படம் உட்பட, பெண்களின் உருவப்படங்கள் பலவும் எண்ணெய் வண்ணம்தான். ஆனால் வரைந்தது அட்டையில்.

சூடான பஜ்ஜியைத் தாளில் வைத்தால் என்ன ஆகிறது? நார்களின் இடுக்கு வழியாக எண்ணெய் ஏறுகிறது. ஏறிய இடம் கண்ணாடி போலாகி, பின்பக்க எழுத்து தெரிகிறது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். தாள் நாருக்கு அது சுமார் 1.5, காற்றுக்கு 1. நாருக்கும் காற்றுக்கும் மாறி மாறிப் போகும் ஒளி சிதறுகிறது, அதனால் தாள் வெள்ளை. எண்ணெய்க்கும் கிட்டத்தட்ட 1.5தான். அது காற்றின் இடத்தை அடைத்ததும் சிதறல் குறைந்து, ஒளி நேராகப் போய்விடுகிறது.

சரி, இப்போது வண்ணத்தின் பக்கம் நின்று பாருங்கள். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறமித் துகள்கள். வழக்கமாகப் பசையும் வெள்ளைப் பூச்சும் கொடுத்துத் துணி எண்ணெயை உறிஞ்சாமல் தடுப்பார்கள். போஸ்னான்ஸ்கா பெரும்பாலும் பூச்சே இல்லாத பழுப்பு அட்டையில் வரைந்தார். அட்டை, பஜ்ஜித் தாளைப் போலவே, எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. துகள்களுக்கு நடுவே காற்று புகுகிறது. ஒளி கூடுதலாகச் சிதறி நிறம் வெளிறுகிறது. மேலே கண்ணாடி மாதிரி எண்ணெய்ப் படலம் நிற்காததால் பளபளப்பும் இல்லை. அந்தப் பெண்களின் முகங்கள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வருவது போலத் தெரிவதில் இதற்கும் பெரிய பங்கு உண்டு. எவ்வளவு அழகான இயற்பியல்! தீட்டாமல் விட்ட இடங்களில் அட்டையின் பழுப்பே நிழலாகவும் நிற்கிறது.

ஆனால் மலிவான அட்டையில் லிக்னின் என்ற மரப்பொருள் இருக்கும். அதனால் நாளாக ஆக அட்டை கறுத்து, அமிலமேறி, நொறுங்கும். நிழலுக்கென்று விட்ட பழுப்பும் கூடவே இருண்டுபோகும். படம் வாங்கச் செலவிடுகிற அக்கறையோடு ஓவியப் பாதுகாப்பு ஆய்வகங்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் நல்லெண்ணத்தோடு ஒருவர் வார்னிஷ் அடித்தாலே போதும்: துகள்களுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தை வார்னிஷில் உள்ள பிசின் பிடித்துக்கொள்ளும், பனிமூட்டம் போய்விடும். அட்டைக்குள் ஊறிய பிசினை முழுவதும் வெளியே எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.