வணிக விசா மறுப்பு: காணிப் பெறுமதியில் எங்கே சறுக்குகிறது, அப்பீலில் என்ன நடக்கும்

கனடாவில் தொழில் நடத்திக் குடியேற வணிக விசா கேட்டு, சொத்து மதிப்பீட்டில் மறுக்கப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் முதலில் கேட்பது இதுதான்: "வலுவேசன் ரிப்போட்டில இத்தனை கோடி போட்டிருக்கு, பிறகேன் சேர் மறுத்தவை?" சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் இந்தக் கோவைகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் பெறுமதி குறைந்ததால் மறுப்பதில்லை. அந்தச் சொத்து உங்களுடையதுதான் என்பதும் அது எப்படி வந்தது என்பதும் தாளில் தெரியாததால்தான் மறுக்கிறார்கள்.

சுன்னாகத்தில் கடை வைத்திருப்பவர் ஒருவரின் கோவையை எடுத்துக்கொள்வோம். கொக்குவிலில் நாலு பரப்புக் காணி, வீட்டோடு. மதிப்பீட்டாளர் முழுக் காணிக்கும் பெறுமதி போட்டுவிட்டார். காணி உறுதியைப் பார்த்தால் தாயின் முதுசம், அதாவது தாய்வழி வந்த பரம்பரைச் சொத்து. பிரிபடாத பங்கு, அவரோடு சேர்த்து மூன்று சகோதரங்களுக்கும் சமம். அவருக்குரியது மூன்றில் ஒன்றுதான். இன்னொரு காணி மனைவியின் சீதனம். கணவன் மனைவி இருவரின் சொத்தையும் பொதுவாகச் சேர்த்தே கணக்கிடுவதால் அது செல்லும். ஆனால் அந்த நன்கொடை உறுதியில் பெற்றோருக்குச் சீவிய உருத்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, வைக்கப்பட்டிருக்கிறது. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை நமக்குப் பழக்கம். கனடிய விசா அதிகாரிக்கு யார் சொல்வது?

அடுத்தது உறுதியில் எழுதிய விலை. முத்திரைத் தீர்வைக்குப் பயந்து குறைத்து எழுதுவது இங்கே பலர் செய்கிற தவறு. 15 இலட்சம் என்று எழுதிய காணிக்கு, சில வருடங்களில் 3 கோடி என்று அறிக்கை போனால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுத்த சொத்து விபரம் வேறு கதை சொன்னால் இன்னும் மோசம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆட்கள் மூலம், அனுப்பிய காசில் கட்டிய கடையும் இப்படித்தான்: கடை கண்ணுக்குத் தெரியும், காசு வந்த வழி தெரியாது.

டொலர்க் கணக்கையும் மறக்கக்கூடாது. 2022 தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் சுமார் 200 ரூபா. அந்த வருடம் மே மாதமளவில் சுமார் 360. ரூபாவில் 10 கோடி அப்படியே இருக்க, டொலரில் 5 இலட்சமாக இருந்தது 2.8 இலட்சத்துக்கும் கீழே போனது. எந்தத் தேதியின் நாணய மாற்று வீதம் என்று அறிக்கையில் இல்லாவிட்டால் வாதாட இடமில்லை.

சரி, மறுத்துவிட்டார்கள். இனி?

கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவென்றால், அது உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கனடிய சமஷ்டி நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். (கனடிய மாகாணம் ஒன்று விண்ணப்பதாரரைத் தெரிந்தெடுக்கும் மாகாண நியமனத் திட்டத்தில், மாகாணமே மறுத்திருந்தால் வழி வேறு.) நாம் அப்பீல் என்று சொன்னாலும் இது நீதிமுறை மீளாய்வு. அதிகாரியின் முடிவு நியாயமானதா என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். வென்றாலும் விசாவைக் கையில் தரமாட்டார். கோவை வேறொரு அதிகாரியிடம் திரும்பப் போகும். அதைவிட முக்கியம், அதிகாரியின் முன் இல்லாத புதிய ஆவணத்தைப் பொதுவாக அங்கே ஏற்கமாட்டார்கள். கடை முதலாளியின் பங்குரிமையை விளக்கும் கடிதத்தை இப்போது தயாரித்தால், அது மீளாய்வுக்கு உதவாது, புதிய விண்ணப்பத்துக்குத்தான் உதவும். உறுதியும் பங்குக் கணக்கும் முதலே கோவையில் இருந்தும் அதிகாரி பார்க்காமல் விட்டிருந்தால், அப்போது போராட நல்ல காரணம் இருக்கிறது.

ஆகவே அதிகாரியின் குறிப்புகளை உடனே கேட்டு எடுங்கள். மறுப்புக் கடிதத்தில் பெரும்பாலும் பொதுவான வசனங்கள்தான் இருக்கும். எந்தக் காணியில் சந்தேகம் என்பது குறிப்பில்தான் இருக்கும். அது வரும்வரை காத்திருந்து 60 நாளையும் விட்டுவிடாதீர்கள். மனுவை முதலில் போடலாம்.

அந்த நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்கக்கூடியவர் கனடாவில் அனுமதி பெற்ற வழக்கறிஞர் மட்டுமே. உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரால்கூட முடியாது. இங்கே "நான் வெண்டு தாறன்" என்று முற்பணம் கேட்கும் முகவர்களிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். குறைந்த பெறுமதியை ஏற்றி இன்னொரு அறிக்கை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் படியை விட்டு இறங்கிவிடுங்கள். பொய்த் தகவல் என்று தீர்மானித்தால் ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.